ஐந்து நிமிடத்துக்கு ஒரு பெயர்

உன் புளொப்பி வட்டில் இருந்ததை மகள் தன் மடிக்கணினிக்கு மாற்றி, பழைய கணினியாக நடிக்கும் நிரல் ஒன்றையும் அதில் ஏற்றித் தந்திருக்கிறாள். உறையில் உன் கோணல் கையெழுத்து இன்னும் மங்கவில்லை. ஓடவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி இதை எழுதுகிறேன். முதல் பெயர் வந்துவிட்டது. அடுத்ததைக் காணவில்லை.

யாழ்ப்பாணத்தில் நாம் இருவரும் படிப்பித்த டியூட்டரியில் பழைய கணினி செத்துப்போனது நினைவிருக்கிறதா? மாணவர்களின் பெயர், வயது, விலாசம் எல்லாம் அதற்கென்று நீ எழுதிய நிரலுக்குள் அடைபட்டுக் கிடந்தன. கொழும்பிலிருந்து வந்த புதியதன் மூளை வேறு. பழையதன் கட்டளை ஒன்றும் அதற்கு விளங்காது. எனக்கென்றால் அது நல்லதாகவே பட்டது. வளர்ந்த பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டுபோக ஆட்கள் தேடித் திரிந்த காலம் அது. ஒருவராலும் வாசிக்க முடியாத பட்டியல் அப்படியே கிடக்கட்டும் என்றேன். நீ விடவில்லை.

"பழசின்ரை கட்டளையை ஒவ்வொண்டாய் வாசிச்சுப் புதுசுக்கு விளங்கப்படுத்த ஒரு ஆள் வேணும், மச்சான். அந்த ஆளை நான் எழுதிறன்" என்றாய். மூன்று மாதம் எழுதினாய். நாற்பது பெயரும் கண்ணிமைக்குமுன் திரையில் வந்து நின்றன.

அதைத் தேத்தண்ணிக் கடையில் பீற்றித் திரிந்தவன் நான்தான். என் வாயை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நாலாம் நாள் பின்னேரம் மூன்று மணிபோல இருவர் வந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு மரியாதையாகவே உள்ளே வந்தார்கள். அந்த மரியாதைதான் என்னைக் கதிரையிலிருந்து எழுப்பியது.

"பெடியளின்ரை லிஸ்ற் இருக்காம். ஒருக்கால் காட்டுங்கோ, மாஸ்ரர்."

நீ மறுக்கவில்லை. ஏதோ ஒரு வரியை மாற்றி, சேமித்து, ஓடவிட்டாய். ஒரேயொரு பெயர் வந்து நின்றது.

"ஏன் நிக்குது?"

"இது வேறை மெசினுக்கு எழுதினது. இதிலை ஆறுதலாய், மெல்லமாய்த்தான் ஓடும். இருங்கோ."

பிறகு என் முகத்தைப் பாராமலே, "ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் காணாது. வாங்கிக்கொண்டு வா" என்றாய்.

காலையில்தான் அதன் தாங்கியில் எண்ணெய் நிரப்பியவன் நான். எனக்கு விளங்கிவிட்டது. பட்டியலின் வரிசை எனக்கு மனப்பாடம். முதல் வீட்டில் தொடங்கி, "வீட்டிலை நிக்காதை, ஓடு" என்று சொல்லிச்சொல்லிச் சைக்கிள் மிதித்தேன். நாற்பதாவது வீடு முடிய இருட்டத் தொடங்கியிருந்தது.

திரும்பி வந்தபோது ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் நாற்பது பெயரும் நின்றன. உன் கதிரையில் ஒருவரும் இல்லை. புளொப்பியை உருவி மடியில் செருகிக்கொண்டேன். அன்று ஒரு வீட்டிலும் பிள்ளை அகப்படவில்லை. நீ மட்டும் வரவேயில்லை.

இன்றைக்குத்தான் அளந்து பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பெயர். இயந்திரத்தின் வேகத்தை நம்பாமல், மணிக்கூட்டைப் பார்த்துக் காத்துநிற்கச் சொல்லி எழுதியிருக்கிறாய். மகளின் மடிக்கணினியும் அதனால்தான் காத்துநிற்கிறது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு என் ஓட்டைச் சைக்கிள் போகிற நேரம் அது.

எத்தனையாவது பெயரில் அவர்களுக்குப் பொறுமை போய் உன்னைக் கொண்டுபோனார்கள் என்று எனக்குத் தெரியாது. இப்போது பதினோராவது பெயர் வந்துவிட்டது. மகள் சாப்பிடக் கூப்பிடுகிறாள். "ஓம், வாறன்" என்கிறேன். நாற்பதும் வந்து முடியும்வரை என்னால் எழும்ப முடியாது.