சைரனுக்கு வந்த நிவாரணம்

4-8, திங்கள்

மழை இல்லை. துணி காய்கிறது. கொட்டகைச் சுவர் விழுந்தது விழுந்தபடியே.

இந்த நோட்டு, சர்ச் மாலை வகுப்பில் எழுத்துப் படித்து முடித்ததற்குக் கொடுத்தது. ரோசி என்று முழுதாக எழுதினால் கை வலிக்கிறது. இனி ரோ. என்றால் என் மனைவி.

பெரிய மழையில் அந்தச் சுவர் விழுந்துதான் எங்கள் பசு செத்தது. பெயர் சைரன். கறக்க நேரமானால் சுரங்கத்து ஷிப்ட் சங்கு போலக் கத்தும். மாட்டு டாக்டர் வந்து, காதிலிருந்த மஞ்சள் வில்லையோடு போட்டோ எடுத்துப் போனார். அரசு நிவாரணம் வரும் என்றார். ரோ. இன்னும் விடிகாலையில் வாளியை எடுக்கிறாள். பிறகு வைத்துவிடுகிறாள்.

மாடு வளர்க்கும் நாராயணப்பா ஒரு சினைமாட்டை எங்களுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார். "சனிக்கிழமை காலை வரைக்கும்தான் பெரியவரே. அப்புறம் பங்காருபேட்டை தரகன் இட்டுனு போயிடுவான்."

6-8, புதன்

போனில் செய்தி. இங்கிலீஷ். பக்கத்து வீட்டு டீச்சர் படித்தாள். பணம் ஏறிவிட்டது!

மாலை முழுக்கக் கையெழுத்துப் பழகினேன். ஆ. தேவராஜ். ஜ் இப்போது அழகாக வளைகிறது.

ரோ.: "இன்னாங்க, கோலம் போடறீங்களா? கஞ்சி ஆறுது."

7-8, வியாழன்

பேங்க். நல்ல கூட்டம். நாளை வரமகாலட்சுமி பண்டிகை, லீவு.

பணம் எடுக்கும் சீட்டில் கோட்டுக்கு மேலேயே கையெழுத்துப் போட்டேன். கவுண்டர்ப் பெண் திருப்பித் தந்தாள்.

"தாத்தா, உங்க அக்கவுண்ட்ல கைநாட்டு இருக்கு. இது செல்லாது."

"எனக்குத்தான் எழுத வருமேம்மா."

"சந்தோஷம் தாத்தா. மாத்தறதுக்கு அர்ஜி கொடுக்கணும். மேனேஜர் திங்கக்கிழமைதான் வருவாரு."

திங்கள் வரை மாடு இருக்காது. கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். வாளி ஞாபகம். எழுந்து போய்க் கட்டை விரலை மையில் வைத்தேன். கைநாட்டுக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். வாட்ச்மேன் போட்டார், வழக்கம் போல. பணம் வந்தது.

எனக்குப் பின்னால் முனிசாமி. என்னோடு ஒரே கேஜ் கூண்டில் சுரங்கம் இறங்கியவன். அதே மழையில் அவன் ஆடுகள் போயின. அவனும் கைநாட்டு. வாட்ச்மேன் சாப்பிடப் போய்விட்டார்.

"சாட்சி யாரு?" என்றாள் அந்தப் பெண்.

முனிசாமி என்னைக் காட்டினான். "இவன்தாம்மா. எழுத வரும். ஊரெல்லாம் அதையேதான் சொல்லினு திரியறான்."

"அவருக்கே இப்போதான் கைநாட்டு..." சிரித்துவிட்டாள். உள்ளே போய்க் கன்னடத்தில் யாரிடமோ கேட்டாள். வந்து என் ஆதாரை வாங்கிப் பார்த்தாள். "போடுங்க தாத்தா. சாட்சிக்கு இது செல்லும்."

மெதுவாகப் போட்டேன்.

வரிசையிலிருந்து ஒரு குரல்: "யோவ், ஷாப்ட் தோண்டறியா? நாங்க வீடு போக வேணாம்?"

ஜ் வளைந்தது. விரல் மை பட்டுச் சீட்டின் மூலையில் ஒரு கறை.

9-8, சனி

வெயில். வெள்ளிக்கிழமை மாட்டை வீட்டை விட்டு அனுப்ப மாட்டார்கள், அதனால் இன்று விடிந்ததும் நாராயணப்பாவே ஓட்டி வந்தார். வெள்ளையில் கறுப்பு. கத்தவில்லை. ஈனும் வரை கறக்க ஒன்றும் இல்லை. தெரிந்தும் ரோ. வாளியோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பெயர் யோசிக்க வேண்டும்.

வாங்க வேண்டியது: தவிடு, கயிறு, செங்கல், பேனா ரீபில்.

முனிசாமி வந்தான். "திங்கக்கிழமை பேங்குக்குப் போறியாடா?"

"அர்ஜி கொடுக்கப் போறேன்."

"பேனாவ எடுத்துனு வா. ஆடு போனவனுங்க இன்னும் ரெண்டு பேரு இருக்கானுங்க. எல்லாம் கைநாட்டு."

ரீபில் இரண்டு.