கிரகணத்தன்று நானாக வெளியே வரவில்லை

வெல்டிங் வாடை உங்களுக்குப் பிடிக்கும். எனக்குக் குமட்டும். இப்போது பகல் முழுக்க அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் வேலை பார்த்த மைன்ஸ் ஒர்க் ஷாப் ஆபீஸில் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஃபைல் எடுத்துக் கொடுப்பது, ஆபீசருக்கு டீ வாங்கி வருவது, பெல் அடித்தால் எழுந்து ஓடுவது. பெர்மனென்ட். உயிரோடு இருந்த வரை "உனக்கு என்ன தெரியும்" என்றீர்கள். செத்துப்போய் வேலை வாங்கிக் கொடுத்தீர்கள். உங்களால் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் நீங்கள் போன பிறகுதான் நடந்தது.

நேற்று ஜன்னலுக்கு வெளியே ஒரு வெல்டர் வேலையை நிறுத்திவிட்டு, கையிலிருந்த கறுப்புக் கண்ணாடி வழியாகச் சூரியனை அண்ணாந்து பார்த்தார். சும்மாதான் பார்த்திருப்பார். அவரையே பார்த்துக்கொண்டு டம்ளரை வைத்ததில், ஆபீசரின் டீ பாதி மேஜையில் கொட்டிவிட்டது. எண்பதாம் வருஷம் கிளப் மைதானத்துக்கு நீங்கள் கொண்டுவந்ததும் அப்படி ஒரு கண்ணாடிதான். அதனால்தான் இந்தக் கடிதம். இறந்தவருக்கு எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. நடுவில் புகுந்து "அது அப்படி இல்லை" என்று திருத்த மாட்டீர்கள்.

நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மைன்ஸில் எலெக்ட்ரிகல் போர்மேன் என்பது உங்களுக்குச் சம்பளம் தரும் வேலை. கிளப்பில் அறிவியல் பேசுவதுதான் நீங்கள் பிறந்ததற்கான வேலை. அட்டைக்கு அடியில் காந்தத்தை வைத்து, மேலே லேத் பட்டறையின் இரும்புத் தூளைத் தூவி, அட்டையை விரலால் தட்டுவீர்கள். தூள் எழுந்து வளைவு வளைவாக வரிசை கட்டி நிற்கும். "இதுதாங்க பூமி. சூரியன்லேர்ந்து ராத்திரி பகலா நம்ம மேல துகள் கொட்டிக்கிட்டே இருக்கு. இந்தக் காந்தப் புலம் மட்டும் இல்லைன்னா நாம யாரும் இங்க உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருக்க முடியாது. செவ்வாய்க்கு இந்தக் கவசம் கிடையாது. செவ்வாய் தோஷம்னு சொல்லி பொண்ணுங்களை வீட்டோட உக்கார வைக்கிறீங்களே, தோஷம் பொண்ணுக்கு இல்லீங்க, செவ்வாய்க்குத்தான்!" கிளப் முழுக்கச் சிரிக்கும். கடைசி வரிசையில் பெண்களோடு உட்கார்ந்து நானும் சிரித்திருக்கிறேன். இவர் என் வீட்டுக்காரர் என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லவும் செய்தேன்.

அந்தக் கிரகணம் வருவதற்கு ஒரு மாசம் முன்பிருந்தே டவுன்ஷிப்பில் அதே பேச்சு. எனக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. விருதுநகரிலிருந்து என் அம்மா கடிதம் எழுதியிருந்தாள், அன்றைக்கு வாசலைக்கூட எட்டிப் பார்க்காதே என்று. அதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தீர்கள், அவ்வளவுதான். மற்றதைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சரோஜா வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்து ஊர் வடக்குத்துக்காரி. எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது அவளுக்கு.

"இன்னாக்கா, உன் வூட்டுக்காரரு கிளப்புல இன்னா சொல்லிட்டு வந்துகிறாரு தெரியுமா? கிரகணத்தன்னிக்கு உன்னக் கூட்டியாந்து மைதானத்துல நிறுத்தப் போறாராம். புள்ளத்தாச்சிய வெயில்ல நிக்க வெச்சிக்கினு இது இன்னா வெளாட்டு?"

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து நீங்கள் சாப்பிட உட்கார்ந்ததுமே கேட்டேன்.

"வேண்டாங்க. நீங்க போய் நில்லுங்க. நான் எதுக்கு?"

"நான் நின்னா எவன் நம்புவான்? வயித்துல பிள்ளையோட நீ நின்னாத்தான் நிரூபணம்."

"ஏதாவது ஆயிடுச்சின்னா?"

"என்ன ஆகும்? நிலா குறுக்க வருது, வெயில் குறையுது. வானத்துலேர்ந்து வர்ற கதிரையே பூமி திருப்பி அனுப்பிடுது. நிழல் உன்னை என்ன பண்ணும்? எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீ வரலைன்னா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு கிளப்புக்குப் போவேன்?"

"உங்க மூஞ்சிக்கு என் வயித்தையா கொண்டுவந்து நிறுத்தணும்?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோய்விட்டீர்கள். கிரகணத்தன்று காலை வரை என்னோடு பேசவே இல்லை. உங்களுக்குத் தெரிந்த ஆயுதங்களிலேயே அதுதான் கூர்மையானது. நான் புடவையை மாற்றிக்கொண்டு வந்தேன்.

பிளாக்கில் ஒரு கதவு திறந்திருக்கவில்லை. சைக்கிள் இல்லை, நாய்கூட இல்லை. நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள். பார்த்தவர்கள் ஆசையாகக் கைகோத்துப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள், பார்க்கத்தான் யாரும் இல்லை. மைதானத்தில் உங்கள் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவர்கூட தன் மனைவியைக் கூட்டி வரவில்லை. அதை நீங்கள் கவனித்தீர்களா? நான் கவனித்தேன்.

வெயில் மங்கத் தொடங்கியதும் எல்லோரும் அந்தக் கறுப்புக் கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தீர்கள். எனக்கு யாரும் நீட்டவில்லை. நிரூபணத்துக்குக் கண்ணாடி எதற்கு என்று விட்டிருப்பீர்கள். நான் வேப்பமரத்தடியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலை இடுக்கு வழியாக விழும் வெயில் எப்போதும் வட்டம் வட்டமாகத்தானே விழும்? அன்றைக்கு அரிவாள் அரிவாளாக விழுந்தது. தரையெல்லாம் அரிவாள். என் புடவை முந்தானை மேல், வயிற்றின் மேல், அரிவாள். அது மறைந்தது போக மிச்சமிருந்த சூரியனின் பிம்பம்தான் என்று பிறகு ஒரு பத்திரிகையில் படித்தேன். அன்றைக்கு யார் சொல்லியிருந்தாலும் என் காதில் ஏறியிருக்காது.

அதோடு விட்டீர்களா? பையிலிருந்து ஒரு கொய்யாப் பழத்தையும் கத்தியையும் எடுத்து என் கையில் கொடுத்தீர்கள். "கிரகணத்துல புள்ளத்தாச்சி எதையும் வெட்டக் கூடாதுங்கிறாங்க. வெட்டினா பிள்ளைக்கு உதடு பிளந்துடுமாம். வெட்டு." எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். வெட்டினேன். பாதியை நீங்கள் வாங்கிக் கடித்துவிட்டு மீதியை என் வாயில் திணித்தீர்கள். கை தட்டினார்கள்.

வளர்மதி ஜூலையில் பிறந்தாள். பெயரைக்கூட நீங்கள் முன்பே தேர்ந்து வைத்திருந்தீர்கள். நர்ஸ் துணியை விலக்கிக் காட்டி, "உதடு கொஞ்சம் பிரிஞ்சிருக்கும்மா, தைச்சிடலாம், பயப்படாதே" என்றாள். மேலுதட்டில் நடுவுக்குச் சற்றுத் தள்ளி, கத்தி வைத்த மாதிரி ஒரு கோடு, மூக்கு வரைக்கும். நீங்கள் வந்தீர்கள். பார்த்தீர்கள். "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டீர்கள். அன்றைக்கு உங்களுக்கு ஷிப்ட் இல்லை.

வாய்க்குள் மேலண்ணத்திலும் பிளவு இருந்ததால் அவளால் சப்பிக் குடிக்க முடியவில்லை. பாலைப் பிழிந்து பாலாடையில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவேன். பாதி மூக்கு வழியாக வந்துவிடும். பார்க்க வந்தவர்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை, உதட்டைத்தான் பார்த்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள். சரோஜா மட்டும் ஒன்றும் கேட்காமல் தினமும் ஒரு வாளி துணி துவைத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

நீங்கள் கிளப்புக்குப் போவதை நிறுத்தினீர்கள். ஒருநாள் விடிவதற்கு முன் எழுப்பி, "கிளம்பு, சொந்தத்துல ஒரு கல்யாணம்" என்றீர்கள். பஸ் கும்பகோணம் பக்கம் போன பிறகுதான் தெரிந்தது, போகிற இடம் ராகு கோயில் என்று. செவ்வாய்க்குத் தோஷம் சொன்ன வாய் ராகுவுக்குப் பாலாபிஷேகச் சீட்டு வாங்கியது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பாவம், பிள்ளைக்காகத்தானே இந்த மனுஷன் இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறார் என்று ஒரு நிமிஷம் மனசு இளகிப்போனேன்.

அந்த நேரம் பார்த்துக் குருக்கள் கேட்டார், "கிரகணத்துல அம்மா வெளிய வந்தாளா?"

நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மரியாதையாகச் சொன்னீர்கள். "ஆமாங்க சாமி. எவ்வளவோ சொன்னேன், கேக்கலை. விவரம் தெரியாதவ. இவளாத்தான் வெளிய வந்துட்டா."

பிள்ளை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். குருக்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் என்னிடமிருந்து ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "நானா வந்தேன்?"

"அங்க போய் வேற என்னத்தச் சொல்றது? பெத்த அப்பனே பண்ணினான்னா என்ன நினைப்பாங்க?"

"பெத்த அம்மா பண்ணினான்னா பரவாயில்லையா?"

"பொம்பளைன்னா தெரியாம பண்ணிட்டான்னு விட்டுடுவாங்க" என்றீர்கள். சொல்லிவிட்டுத் தூங்கியும் போனீர்கள். அதற்குப் பிறகு கிளப்பிலும் அதையேதான் சொன்னீர்கள். மைதானத்துக்கு வந்து கை தட்டியவர்கள்கூட அதை நம்பினார்கள். நம்புவது அவர்களுக்கும் வசதியாக இருந்தது.

பிறகு புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். கட்டுப் பிரிக்கிற அன்று, அந்த டாக்டர் அம்மாவிடம் உங்கள் முன்னாலேயே கிரகணத்தைப் பற்றிக் கேட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "அப்ப எத்தனாவது மாசம் உங்களுக்கு?" என்றார். அஞ்சு என்றேன். "உதடும் அண்ணமும் மூணாவது மாசம் முடியறதுக்குள்ளயே கூடி முடிஞ்சிரும்மா. நீங்க வெயில்ல நின்னப்ப அது ஏற்கனவே அப்படித்தான் இருந்திருக்கு. யார் மேலயும் தப்பு இல்லை."

திரும்பும் வழியில் நெல்லிக்குப்பம் வந்து சர்க்கரை ஆலை நாற்றம் பஸ்ஸுக்குள் அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினால், நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள். பல மாசத்துக்குப் பிறகு. "பார்த்தியா? கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"அப்ப நானா வந்தேன்னு சொன்னது?"

"அதான் ஒண்ணுமில்லைன்னு ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு அதையே பிடிச்சிக்கிட்டு?"

அந்த வாரமே திரும்பவும் கிளப்பில் அட்டையையும் இரும்புத் தூளையும் எடுத்தீர்கள்.

இத்தனை வருஷமாக நான் சிக்கிக்கொண்டிருக்கிற இடம் உங்களுக்குப் புரிந்ததே இல்லை. உங்களைக் குற்றவாளி ஆக்க எனக்குக் கிரகணம் வேண்டும். கிரகணம்தான் பிள்ளையின் உதட்டைப் பிளந்தது என்று நான் ஒப்புக்கொண்டால்தான், நிறுத்தியவர் இவர் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல முடியும். டாக்டர் சொன்னதைச் சொன்னாலோ நானும் தப்பித்தேன், நீங்களும் தப்பித்தீர்கள். நான் கேட்டது உதட்டுக்கு நியாயம் இல்லை. 'இவளாத்தான் வந்துட்டா' என்ற அந்த ஒரு வார்த்தைக்கு. அதற்கு எந்த டாக்டரிடம் போவது?

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷி இல்லை. தையல் ஆறிய பிறகு அவளுக்கு ப-வும் ம-வும் வரவில்லை, ப மூக்கால் வந்தது. நீங்கள்தான் சாயங்காலம் சாயங்காலம் அவளை மடியில் வைத்துக்கொண்டு, மெழுகுவத்தியைக் கொளுத்தி, ப, ப என்று சொல்லி ஊதி அணைக்கப் பழக்கினீர்கள். சலிக்காமல். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் முதலில் திருத்தமாகச் சொன்ன வார்த்தை அப்பா. அந்தச் சாயங்காலங்களில் நீங்கள் அவளுக்கு ப-வும் ம-வும் மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது.

மார்வலி வந்து நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. கிளப்பில் கூட்டம் போட்டு உங்கள் அறிவியல் பார்வையைப் புகழ்ந்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சின்னதுக்கு மாறினோம். வளர்மதிக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்று உங்கள் பேச்சையே பேசப்போகிறாள், செவ்வாய் தோஷ வேடிக்கை உட்பட எல்லாம் மனப்பாடம். "பூமியின் காந்தக் கவசம் கதிர்களை அழிப்பதில்லை. திருப்பி விடுகிறது. திருப்பியது துருவங்களில் இறங்குகிறது. அங்கே வானமே வண்ண வண்ணமாக ஒளிரும்" என்று போன வாரம் ஒரு ராத்திரி கண்ணாடி முன் நின்று கையை நீட்டினாள். உங்கள் கை. உங்கள் மேல் வந்ததையெல்லாம் நீங்கள் திருப்பிவிட்டது எந்தத் துருவத்தில் இறங்கியது என்று நினைத்துக்கொண்டேன். அங்கே வண்ணம் ஒன்றும் தெரியவில்லை.

பேச்சை நிறுத்திவிட்டுத் திடீரென்று கேட்டாள். "அம்மா, கவசம் இருக்குதானே? அப்புறம் நீ கிரகணத்துல வெளிய போனதுக்கு எனக்கு ஏன் இப்படி ஆச்சு?"

"யார் சொன்னா நான் போனேன்னு?"

"அப்பா. சின்னப்பவே சொல்லிட்டாரு. அம்மாவுக்கு விவரம் தெரியாது, தெரியாம போயிட்டா, நீ அம்மாவை மன்னிச்சிடணும்னு சொன்னாரு."

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மணிக்கட்டைப் பிடித்தது, கொய்யா, கை தட்டியது, கோயில், டாக்டர் அம்மா. அஞ்சாம் மாசத்தையும் மூணாம் மாசத்தையும் இரண்டு தடவை விளக்கினேன். என் குரல் ஏறிவிட்டது. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். சுவரில் மாலை போட்ட உங்கள் படத்தைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து தன் பாவாடை நுனியால் என் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதேம்மா. எனக்கு உம்மேல கோவமே கிடையாது, நான் அப்பவே மன்னிச்சிட்டேன். அதுக்காகச் செத்துப்போன அப்பா மேல போய்ப் பழி போடாதே."

அவள் தூங்கப் போய்விட்டாள். நான் எழுந்து அவள் மறுநாள் போட வேண்டிய பள்ளிக்கூடச் சட்டையை இஸ்திரி போட்டேன். உங்கள் சம்பாத்தியத்தில் மிச்சமாக என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். நான் செய்யாததற்கு என் மகள் கொடுத்த மன்னிப்பு.