முப்பத்து நாலு பேருக்கு ஒரு கார்டு

நேற்றுக் காலை கம்பெனி வாசலில் என் கை தானாகத் தலைக்குப் போனது. வகிட்டோரம் ஆள்காட்டி விரலை ஒருமுறை தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கோடு சுவரை நோக்கி நீட்டினேன். அங்கே விரல் வைத்து வருகை பதியும் மிஷின் இல்லை. கழற்றிவிட்டிருந்தார்கள். நான்கு திருகாணித் துளைகளும் பெயிண்ட் அடிக்காத ஒரு சதுரமும்தான் இருந்தன. "இன்னாம்மா, செவுத்துக்குக் கை குடுக்கற" என்று செக்யூரிட்டி அண்ணன் கேட்டார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இனிமேல் முகத்தைக் காட்டினால் போதுமாம். புது மிஷின் முன்னால் நின்றால் ஒரு பெண் குரல் நன்றி சொல்கிறது. உன் முகம் அதில் ஒரு நொடியில் ஏறியிருக்கும். அதை நினைத்தபடி உள்ளே போய்ப் பசை தடவும் பிரஷ்ஷை எடுத்தேன். மத்தியானம் வரைக்கும் வேறெதுவும் நினைக்கவில்லை. விரலில் மட்டும் தேங்காயெண்ணெய் வாசனை இருந்துகொண்டே இருந்தது, பசை வாசனையையும் மீறி.

அந்த எண்ணெய் வித்தை உன்னுடையது. என் விரல் எப்போதும் முதல் தடவையே ஏறும். எனக்கு அது தேவையே இல்லை. உனக்குத்தான் ஏறாது. வைப்பாய், சிவப்பு விளக்கு எரியும். புடவையில் துடைத்து வைப்பாய், சிவப்பு. ஊதி வைப்பாய், சிவப்பு. கடைசியில் தலையில் தேய்த்து எண்ணெயோடு வைத்தால் சில நாள் பச்சை வரும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஒரு மணி நேரக் கூலி போய்விடும் என்பதால் வரிசையில் நிற்பவர்கள் முண்டியடிப்பார்கள். "நகரு நகரு" என்று சத்தம் போடுவார்கள். நீ எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு, கடைசி ஆளாக நின்று மறுபடி முயற்சி செய்வாய். வாசலுக்கு முதலில் வந்தவள் நீதான், மிஷின் கணக்கில் தாமதமாக வந்தவளும் நீதான்.

உன் விரலில் ரேகையே இல்லை. எட்டு வயதிலிருந்து மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிய கை. மிச்சம் மீதி இருந்ததை இங்கே ஷூவுக்குப் பசை தடவியதில் இழந்தாய். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். திண்டிவனத்தில் கம்பெனி வந்ததும், வெயிலில்லாத வேலை என்று சந்தோஷமாக வந்து சேர்ந்தாய். பஸ்ஸில் என் பக்கத்து சீட். ஒரே வயது என்பதால் முதல் நாளே 'டீ' போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டாய்.

அந்தக் கம்பெனி பஸ்ஸில்தான் நம் ஆட்கள் வாயைத் திறப்பார்கள். காலையில் பாதித் தூக்கம். சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் ஆரம்பிக்கும். மணிக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்துக்கும் பத்து நிமிடத்துக்கும் வெட்டுகிறார்கள் என்பாள் ஒருத்தி. வீட்டில் சும்மா கிடந்ததற்கு இது பரவாயில்லை, மாசம் பிறந்தால் பேங்க்கில் விழுகிறதே என்பாள் இன்னொருத்தி. கேன்டீன் சாம்பாரைத் திட்டாத ஆளே கிடையாது. நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று சொல்வாய். "உப்பளத்துல நெழலு இல்ல, இங்க ஃபேன் இருக்குது. ஆனா அங்க ஒண்ணுக்குப் போறதுக்கு நான் எவன்கிட்டயும் கார்டு கேட்டதில்ல."

பஸ் முழுக்க அதற்குத்தான் சிரிக்கும். உண்மையைச் சொன்னால் நம் ஆட்களுக்குச் சிரிப்பு வரும்.

கார்டு என்பது நாடா கோத்த ஒரு பச்சை அட்டை. நம் பசை லைனில் முப்பத்து நாலு பெண்கள், அட்டை ஒன்று. சூப்பர்வைசர் மேஜையோரம் ஆணியில் தொங்கும். பாத்ரூம் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து ஆணியில் மாட்ட வேண்டும். அப்புறம்தான் அடுத்தவள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் குறித்துக்கொள்வார்கள். அப்படிச் சேர்ந்த நிமிடங்கள் ஒரு மணி ஆனதும் ஒரு மணிக் கூலி போகும். ஆணி காலியாக இருந்தால் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மாதவிலக்கு நாளில் இருப்பவள் மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளட்டும், அவளுக்கு யாரும் கேட்காமல் வழிவிடலாம் என்று ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தது நீ. சூப்பர்வைசருக்கு இன்றுவரை அந்த ரப்பர் பேண்டின் அர்த்தம் தெரியாது. ஏதோ ஃபேஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அதற்கும் மேல் நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் ஒரு டம்ளர் கேப்பைக் கூழ், அப்புறம் வீடு திரும்பும் வரை தொண்டையை நனைப்பதோடு சரி. பாட்டிலை நீட்டினால், "வாணாம்டி, உள்ள போனா வெளிய வரும். வெளிய வந்தா கார்டு வேணும்" என்பாய். பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். நானும்தான்.

போன வருடம் அந்தப் படிவம் வந்தது. ஊதியம், பணிச்சூழல் குறித்துத் தங்கள் மேலான கருத்து என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு கட்டம், சொல்ல விரும்பும் வேறு ஏதேனும் என்று. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று லைன் முழுக்கப் பெயர். எழுதத் தெரியாதவர்களும், தெரிந்தும் பயந்தவர்களும் தாளை என்னிடம் கொடுத்தார்கள்.

அதற்கு முன்னால் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். நம் லைனுக்கு நல்ல பெயர் இருக்கிறது, பார்த்து எழுதுங்கள் என்றார். பர்மனென்ட் ஆக்கும் பட்டியலில் என் பெயர் இருப்பதாகவும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் நீ என் எதிரே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடி சொல்லிக்கொண்டே போனாய். விரல் ஏறாததைப் பற்றி. கார்டைப் பற்றி. ஆறேழு வாக்கியம் இருக்கும். நான் தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே, 'குறை ஏதும் இல்லை' என்று எழுதினேன்.

நீ கையைக் கழுவிவிட்டு வந்து தாளைப் பார்த்தாய். உனக்கு எழுத்து தெரியாது. நீளம் தெரியும்.

"இவ்ளோ சின்னதாவா எழுதின?"

"சுருக்கமா எழுதினாத்தான் படிப்பாங்க."

"சரி, படிச்சுக் காட்டு."

"நேரமாயிடுச்சு, மணி அடிக்கப்போறான்" என்றேன். அப்புறம் உன் கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தாய். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது, உள்ளே ஒரு கோடும் இல்லை. அன்று எழுதிய தாள்களில் இருபத்தொன்று என் கையெழுத்து. இருபத்தொன்றிலும் அதே மூன்று சொல்.

இரண்டாவது கார்டு வரும் என்று நீ நம்பினாய். அதுதான் எனக்கு இன்றைக்கும் விழுங்க முடியாதது. லைனுக்குள் நுழைந்ததும் முதலில் ஆணியைப் பார்ப்பாய். "எழுதிக் குடுத்துக்கீறோம் இல்ல, வரும்" என்று மற்றவர்களுக்குத் தைரியம் சொல்வாய். ஒரு நாள் நோட்டீஸ் போர்டில் பூ படம் போட்டு, நம் தொழிலாளர்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று ஒட்டினார்கள். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாய். தீபாவளி லீவு என்றேன்.

எனக்கு பர்மனென்ட் ஆனது. நீ மல்லாட்டை உருண்டை பிடித்துக்கொண்டு வந்து பஸ்ஸில் எல்லோருக்கும் கொடுத்தாய். எனக்கு மட்டும் இரண்டு. தின்றேன்.

மார்கழியில் உன் கால் வீங்கியது. நின்று நின்று வந்ததென்று நினைத்தோம். காய்ச்சல் விட்டு விட்டு வந்து, திண்டிவனத்தில் பார்த்து, அங்கிருந்து முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் பஸ் பிடித்து வந்தேன். கிட்னி என்றாள் உன் மகள். நாள்பட்டதாக இருக்கும், எதனால் என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். நானும் சொல்லவில்லை. உப்பளத்தில் எத்தனை வருடம் தாகத்தோடு இருந்தாயோ, அதுவும் இருக்கும். எதை எதனோடு சேர்ப்பது என்று யோசிக்க உட்கார்ந்தால் எனக்கு ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. தொடர்ந்து யோசிப்பதில்லை.

உன் தலைமாட்டில் கோடு போட்ட ஒரு பாட்டில் இருந்தது. ஒரு நாளைக்கு அந்தக் கோடு வரைக்கும்தான் தண்ணீர். அதைக் காட்டி, "இங்கயும் அளவுதான்டி" என்றாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, கார்டு வந்ததா என்று கேட்டாய்.

"வந்துடுச்சு" என்றேன்.

"பாத்தியா. உன் எழுத்துக்கு இருக்கற மரியாதைய."

உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் போர்வையைச் சரிசெய்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மத்தியானம் மூன்று மணிதான் ஆகியிருந்தது. அதற்கு ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய். அடக்கத்துக்கு அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் லைனில் உன் இடத்தில் வேறொருத்தி நின்று பசை தடவினாள். நன்றாகவே தடவினாள். நான் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் தெரியும், வலிக்காது. எட்டு மாதமாக அப்படியேதான் இருக்கிறது. விரலில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் எப்படியோ எனக்கு ஒட்டிக்கொண்டது.

இந்த வாரம் மறுபடி படிவம் வந்தது. அதே தலைப்பு, அதே கட்டம். புதிதாக வந்த பெண்கள் தாளை என்னிடம் நீட்டினார்கள். போன தடவை நான் என்ன எழுதினேன் என்பதை அவர்களிடம் சொன்னேன். இரண்டு பேர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் வாங்கவில்லை; அவரவர் சொன்னதை, சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். ஒருத்தி நிஜமாகவே குறை இல்லை என்றாள். அதையும் எழுதினேன்.

என் தாளில் நீ சொன்னதை எழுதினேன். ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை. எழுதாமல் விட்டதால்தான் மறக்கவில்லையோ என்னவோ. கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுத வேண்டியிருந்தது. கீழே என் பெயரையும் டோக்கன் நம்பரையும் போட்டேன். நேற்று மத்தியானம் சூப்பர்வைசர் அதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரு சொன்னது?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். அவர் ஆணியில் தொங்கிய கார்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தாளைக் கட்டோடு சேர்த்து வைத்தார். என்ன செய்வார்களோ தெரியாது. நாளைக்குத் திங்கட்கிழமை.

அன்று படித்துக் காட்டச் சொன்னாய். நேரமில்லை என்றேன். இன்று ஞாயிறு, நேரம் இருக்கிறது. படிக்கிறேன், கேள்.

"மிசின்ல என் வெரலு ஏறலன்னா அது என் தப்பு இல்ல. உப்புல பாதி தேஞ்சிது, உங்க பசையில மீதி தேஞ்சிது. நான் எப்ப வந்தேன்னு கேட்டாண்ட நிக்கற அண்ணனுக்குத் தெரியும், அவர கேளுங்க. மணிக்கு இவ்ளோன்னு பேசினீங்க, ஒத்துக்கினு வந்தோம். ஒண்ணுக்குப் போற நேரத்த அதுல கழிக்காதீங்க. முப்பத்து நாலு பேருக்கு ஒரு கார்டு பத்தாது, இன்னொண்ணு குடுங்க. நாங்களும் தண்ணி குடிக்கணும்."