மணப்பெண்ணின் கையெழுத்து

அன்பு மகளுக்கு, ஸலாம்.

உம்மா சுகம். மாத்தளையில் விடாத மழை.

நேற்று உக்குவளையில் ஒரு நிக்காஹ். நம் கட்சிக்காரர் நிஸ்தார் தன் மகளுக்கு என்னைச் சாட்சியாக அழைத்திருந்தார். இப்போதுதான் ஓ லெவல் பரீட்சை எழுதிய பதினாறு வயதுப் பிள்ளை. உள்ளறையில் அவள் விம்முவது வெளியே கேட்டது.

"புள்ளைக்குச் சம்மதமா?" என்று நிஸ்தாரிடம் கேட்டேன்.

"என்ன ஹாஜியார்? பொண்ணு கையெழுத்து தேவையில்ல, வாப்பா போட்டாப் போதும்னு பார்லிமென்ட்ல இவ்வளவு காலமா பேசினது நீங்கதானே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சாட்சிக் கையெழுத்தைப் போட்டேன்.

மணப்பெண்ணின் கையெழுத்தைக் கேட்காத அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னதற்காகத்தான் நீ வீட்டுக்கு வருவதை நிறுத்தும் அளவுக்கு உன்னை ஏசினேன். ஐந்து தேர்தல்களில் ஜெயித்தவனுக்குச் சொந்த மகளின் பேச்சைக் கேட்கப் பொறுமை இருக்கவில்லை.

அடுத்த மாதம் திருத்தம் மறுபடி சபைக்கு வருகிறது. ஆதரித்தால் ஊர் வாக்குகள் போய்விடும் என்கிறார்கள். ஆதரிப்பேன் என்று உனக்கு எழுத ஆசைதான். ஆனால் அந்தப் பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டே பேனாவை எடுத்தவன், எந்த முகத்தோடு உனக்கு வாக்குக் கொடுப்பேன்?

உன் வாப்பா