நம்பு என்று உன் காதில் விழுந்தது

என் பழக்கடைக்கார அக்காவுக்கு,

உன் மகள் தர்ஷினிக்குக் கை மரத்துப்போகிறது. போன வாரம் மானாம்பதி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவள், இடது கையில் இருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டு, "சித்தி, கை மரத்துப்போவுது. ஊசி குத்துற மாதிரி கீது" என்றாள். உனக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது? உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு கடையில் கொய்யாப்பழம் எடை போடும்போது தட்டை நழுவவிட்டு, "கை மரத்துக்கினே கீதுடி" என்று சிரித்தாய். மூளையில் கட்டி என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மாமா சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார். அவருக்கும் அதே நினைப்புதான்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. உன் கூடையில் அழுகின பழத்தை மொய்க்கும் அதே குட்டி ஈக்களைத்தான் சென்னையில் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிறேன். "இவ்ளோ படிச்சிட்டு என் கடை ஈயையா வளக்கிற? கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே!" என்று ஊரைக்கூட்டிக் கிண்டல் செய்தவள் நீ.

அது புழுவாக இருக்கும்போதே அதன் மூளையைப் பார்ப்பதுதான் என் வேலை. அங்கே ஒரு தாய் செல் இரண்டாகப் பிரியும், ஆனால் சரிபாதியாக இல்லை. பெரியது தாயாகவே இருந்து மறுபடியும் பிரியும். சின்னது நரம்பாகும் வழியில் போய்விடும். பிரிவதற்கு முன்பே ஒரு புரதம் ஓரமாக ஒதுங்கி நின்று, சின்னதின் பங்குக்குப் போய்ச் சேரும். இனி நீ தாய் இல்லை என்று அதற்குச் சொல்வது அந்தப் புரதம்தான். பங்கு தவறினால் சின்னதும் தாயாகவே நின்றுவிடும். நிறுத்தத் தெரியாமல் பிரிந்துகொண்டே போகும். ஈயின் தலைக்குள்ளும் கட்டிதான்.

அந்தப் புரதத்தின் பெயர் நம்ப். ஆங்கிலத்தில் மரத்துப்போனது என்று பொருள். அது இல்லாத புழுவுக்குத் தொடு உணர்வுக்கான நரம்புகள் சரியாக உருவாவதில்லை, அதனால் அப்படி வைத்தார்கள். உன் காதில் அது வேறாக விழுந்தது. "இன்னாது, நம்புவா? பரவால்லியே, நல்ல பேராத்தான் வெச்சிக்கிறானுங்க" என்றாய். எத்தனை தடவை திருத்தினாலும் உனக்கு அது நம்புதான்.

உனக்கு வந்தது அதே பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஈ வேறு, மனுஷி வேறு. உன் கட்டி பிள்ளைக்கும் வருவது அபூர்வம் என்று அப்போதே டாக்டர் சொன்னார். இவ்வளவும் தெரிந்து ஏன் நடுங்கினேன்? மைக்ராஸ்கோப்பில் அந்தக் கட்டிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது, அக்கா. ஸ்கேன் எடுக்கக் காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் தர்ஷினி என் தோளில் தூங்கினாள். அவள் தலையைத் தடவிக்கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஸ்கேன் அறை வாசலில், உடம்பில் இருக்கும் உலோகத்தையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். கம்மல், கொலுசு கழற்றினோம். சுரிதாரின் இடது கையை மேலே தள்ளினால், தாயத்து. நீ பார்த்திருக்கமாட்டாய். உன் காரியம் முடிந்த கையோடு மாமா பக்கத்து ஊரான பெருநகரில் மந்திரித்து வந்து கட்டியது. கயிறு சதைக்குள் புதைந்து, சுற்றிலும் தோல் கன்றிக் கறுத்துப்போயிருந்தது. நர்ஸ் அவிழ்க்கப் போனதுதான் தாமதம், தர்ஷினி கத்திவிட்டாள்.

"வாணாம் சித்தி! அவுத்தா எனக்கும் அம்மா மாதிரி வந்துடும்!"

"யாருடி இப்படி இறுக்கிக் கட்டுனது?"

"நான்தான். நழுவிக்கினே இருந்துச்சி. எங்கனா வுழுந்துடப் போவுதுன்னு, பல்லால கடிச்சி கடிச்சி இறுக்கிக்கினேன். உன்கிட்ட சொன்னா நீ பயந்துக்குவ."

உன் மகள் இத்தனை நாளாகத் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன், எனக்குத் தெரியவில்லை.

கயிற்றை அவிழ்த்து என் கைக்குள் மூடிக்கொண்டேன். "நீ வர்ற வரைக்கும் வுடாம புடிச்சிக்கினு கீறேன், போ" என்றேன். போனாள். உள்ளே இயந்திரம் தடதடவென்று அடித்துக்கொண்டது. தாயத்து, மந்திரத்தில் எல்லாம் எனக்குப் பிடிப்பு கிடையாது. ஆனால் உள்ளங்கை வியர்த்து அது ஒரு தரம் நழுவியபோது எனக்கு உயிரே போய்விட்டது. மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தலையில ஒண்ணும் இல்லம்மா. கயிறுதான் நரம்ப அமுக்கிக்கினு கீது. அது வுட்டா சரியாப்பூடும்" என்றார் டாக்டர். மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். மாமா வராந்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பயம் விட்டுப்போய்விட்டதா என்று கேட்காதே. இன்று காலை அவள் சீப்பைத் தவறவிட்டாள். சத்தம் கேட்டு அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். இனி அவள் கையிலிருந்து எது விழுந்தாலும் எனக்கு இப்படித்தான் இருக்குமா?

தலை வாரி முடித்ததும் தாயத்தைக் கட்டிவிடச் சொன்னாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? தளர்வாகக் கட்டினேன்.

"வுழுந்துடும் சித்தி."

"வுழுந்தா எடுத்து கட்டிக்கலாம். ஒண்ணும் ஆவாது. நம்பு."

சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். அது உன் குரல் மாதிரி இருந்தது, அக்கா.

சனிக்கிழமைதோறும் ஊருக்கு வந்துவிடுவேன். அந்தக் கயிற்றுக்குள் என் விரல் நுழைகிறதா என்று பார்ப்பேன். அவள் வளர வளரத் தளர்த்திக் கட்டுவேன். தானாக ஒரு நாள் அவளே அதை அவிழ்த்துவைக்கும் வரைக்கும் விரலை எடுக்கமாட்டேன். இது சத்தியம்.

உன் பிள்ளைக்குச் சித்தி,
உனக்கு என்றைக்கும் சின்னவள்,
கோமதி