மோதிரத்தில் சுற்றிய நூல்

எடை குறையாமலே ஒருவர் உடம்பு கரைந்துபோவதை, கூடவே இருந்தும் எப்படிக் காணாமல் விட்டோம், அத்தை?

இன்று பீரோவில் உங்கள் மோதிரம் கிடைத்தது. உட்புறம் அரக்குநிறப் பட்டுநூல் தடித்துக் கிடக்கிறது. மோதிரம் தளர்ந்தால் தறியில் அறுந்த இழையை எடுத்துச் சுற்றிக்கொள்வது நம் தெருவில் எல்லோரும் செய்வதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி விரலை நீட்டுவீர்கள். "இன்னும் ரெண்டு சுத்து போடுமா, கயண்டுக்கினு போவுது." சுற்றிவிடுவேன். கட்டிலின் மறுமுனையில் உங்கள் கால்கள் வீங்கிக் கிடக்கும்.

இதயம் பலவீனமாகி நீர் கோத்திருக்கிறது என்றார்கள். உப்பைக் குறைத்தார்கள். "இது எனக்கா, கோயில் யானைக்கா?" என்று உப்பில்லாச் சோற்றுத் தட்டைத் தள்ளினீர்கள், வார்டே சிரித்தது. தினமும் எடை பார்த்தார்கள். "அம்மா வெயிட்டு குறையவே இல்லபா" என்று உங்கள் மகன் போனில் தன் தம்பிக்குச் சொல்வார். அந்த எண்ணை யாரும் சந்தேகிக்கவில்லை, எதையும் சந்தேகிக்கும் நான் உட்பட.

ஊசி போட்டு நீர் இறங்கிய பிறகு ஒரு காலையில் போர்வையை விலக்கினேன். கால் எலும்பின்மேல் வெறும் தோல் மடிந்து கிடந்தது. சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் வந்து உங்கள் மேற்கையை விரல்களால் வளைத்துப் பிடித்தாள். விரல்நுனிகள் ஒன்றையொன்று தொட்டன.

"ரொம்ப நாளா இவங்களுக்கு சாப்பாடு பத்தலமா. தண்ணி வெயிட்டு மறைச்சிக்கினு இருந்துது."

பட்டுநூலை எடைபோட்டு வாங்கும் வீடு நம்முடையது. ஈரப் பட்டு கனக்கும் என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நீங்களே தொட்டுப் பார்த்து, "காயவச்சி எடுத்துக்கினு வாபா" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்! அந்த வீட்டார்தான் உங்கள் எடையைக் கேட்டு நிம்மதியாக இருந்தோம்.

"ஏன் அத்தை சொல்லவே இல்ல?"

"பசிச்சாதானே சொல்றதுக்கு? காலு கனமா இருந்துதா, உடம்பு தேறுதுன்னு நெனச்சிக்கினேன்."

கொஞ்சம் கொஞ்சமாக, பிடித்ததைக் கொடுக்கலாம் என்றாள் அந்தப் பெண். உங்கள் முகம் மலர்ந்தது. "நாளைக்கு பருப்ப கொழைய வேகவச்சி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சி எடுத்துக்கினு வா. யானை சாப்பாடு வேணாம்."

இப்போதெல்லாம் வயதானவர் யாரைப் பார்க்கப் போனாலும் என் விரல்கள் அவர் மேற்கையைத்தான் தேடுகின்றன. எடையைக் கேட்பதில்லை, தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தார் என்று கேட்கிறேன். முறைக்கிறார்கள். பரவாயில்லை.

நீங்கள் கேட்ட மறுநாள் காலை பருப்பு கொண்டுவந்தேன். சில வாய் சாப்பிட்டீர்கள். "நல்லா இருக்குது. மீதிய மூடி வை, மத்தியானம் சாப்புடறேன்" என்றீர்கள். மூடி வைத்தேன். சற்று நேரத்தில் உங்கள் மூச்சு அடங்கியது. கிண்ணத்தில் சூடு ஆறியிருக்கவில்லை.