மூன்றாம் நாள் ஊசி

அத்தை,

இன்று காலை ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். நர்சுப் பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையில் தேய்த்தாள். "பயமா இருந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க பாட்டி" என்றாள். நான் திரும்பவில்லை. ஊசி நுழைகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகத்தான் குத்தினாள், வெளியே இழுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் ஆடியது. சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க இன்னா நர்சா?" என்று கேட்டாள். "இல்லம்மா, தறிக்காரன் பொண்டாட்டி" என்றேன்.

அந்த ஸ்பிரிட் வாசனை வீடு வரைக்கும் கூடவே வந்தது. கைகால் கழுவிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கும் ஐந்தாம் வகுப்போடு சரி. மீதியெல்லாம் நூல் கட்டுகளைச் சுற்றி வந்த பழைய பேப்பர்களிலிருந்து நானாகச் சேர்த்துக்கொண்டது. "காயிதத்தப் படிச்சிகினு நின்னா ஒல எப்ப கொதிக்கும்?" என்று அடுப்படியிலிருந்து கேட்பீர்கள். படித்தது எதற்கு உதவியது என்பதை நீங்களே கண்ணால் பார்த்தீர்கள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். திருத்தணி மலையடிவாரத்தில் நம் வீட்டில் இரண்டு தறி ஓடியது, தொட்டில் ஆடவில்லை. அந்த வருஷம் சித்திரையில் நீங்கள் பொதட்டூர்பேட்டைக்குப் போய் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். உங்கள் ஒரே மகனுக்கு, என் புருஷனுக்கு, இரண்டாம் தாரமாக. அதை என்னிடம் ஒளிக்கக்கூட இல்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னீர்கள்: "ஆடி வரைக்கும் பாப்பேன். ஆவணியில மொத முகூர்த்தம். நீ இங்கியே இரு, உன்ன யாரும் போவச் சொல்லல. அவ பெத்துக் குடுப்பா, நீ வளத்துக்கோ."

என்ன தாராளம் அத்தை உங்களுக்கு! அந்த வார்த்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இந்தக் கடிதத்திலும் மன்னிக்கப் போவதில்லை. உங்கள் மகனோ தறிக்குழியில் இறங்கினால் தலையைத் தூக்க மாட்டார். "நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டேன். "அம்மா சும்மா சொல்லுது" என்றார். நீங்கள் எதையும் சும்மா சொல்கிறவர் இல்லை என்பது அவரைவிட எனக்குத் தெரியும்.

அப்போதுதான் மெட்ராசில் ஒரு லேடி டாக்டரிடம் போக ஆரம்பித்தேன். முதலில் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை. பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். என் உடம்பில் கருமுட்டை உண்டாகிறது, ஆனால் முதிர்வதில்லை. அதை முதிர வைக்க ஹார்மோன் ஊசி இருக்கிறது. மாதவிலக்கான மூன்றாம் நாள் தொடங்க வேண்டும், தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும், மூன்று நாளைக்கு ஒருமுறை மெட்ராசுக்கு வந்து காட்ட வேண்டும். முட்டை முதிர்ந்ததும் கடைசி ஊசியை அவரே போடுவார்.

இதை வீட்டில் வந்து சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். "ஊசி போட்டா புள்ள பொறக்கும்னா, ஆஸ்பத்திரியில வேல பாக்கறவ ஒவ்வொருத்தியும் பத்து பெத்திருப்பா!"

"நீங்க ஏழு வருசம் மல ஏறி ஒண்ணு பெத்தீங்க. நான் ஊசி போட்டுகினு பெத்துக்கறேன்" என்றேன். அன்றைக்கு முழுவதும் நீங்கள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது நல்ல ஓய்வாக இருந்தது.

முதல் மாதம் வீணாய்ப் போனது. அதில் என் தப்பும் உண்டு, எழுதிவிடுகிறேன். நம் வீட்டில் தூரமானால் மூன்று நாள் தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில்தான் இருக்க வேண்டும். தட்டைத் தரையில் வைத்து நகர்த்துவீர்கள். யாரும் தொட மாட்டார்கள். நாலாம் நாள் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரலாம். டாக்டர் சொன்ன மூன்றாம் நாள் அந்த அறைக்குள் வந்து விழுந்தது. "தீட்டோட ரயில் ஏறுவியாடி? நாளைக்கித் தலைக்கி ஊத்திகினு போ" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். நாலாம் நாள் கரிநாள் என்று தெரிந்தது. கரிநாளில் நல்ல காரியம் தொடங்குவதா? அதற்கும் தலையாட்டினேன். ஐந்தாம் நாள், தலையில் பூ வைத்துக்கொண்டு, மெட்ராசில் போய் நின்றேன்.

டாக்டர் தேதியைப் பார்த்தார். "மூணாம் நாள்னு சொன்னேனே?"

காரணத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்க வீட்டுப் பஞ்சாங்கத்துக்கு உங்க உடம்பு காத்துக்கிட்டு இருக்காது. இந்த மாசம் வேண்டாம். அடுத்த மாசம் உங்க ஊர்லயே யாரையாவது வெச்சு மூணாம் நாள் ஆரம்பிங்க. அதுவும் தவறினா என்கிட்ட வராதீங்க."

மருந்துப் பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஒரு மாதத்தை நானே என் கையால் தூக்கிக் கொடுத்துவிட்டேன். இனி எவர் சொல்லுக்கும் தலையாட்டுவதில்லை என்று ரயிலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

பெட்டியை ஈர மணலில் புதைத்த பானைக்குள் வைத்தேன், வெயில் சூடு படக்கூடாது என்பதற்காக. அதில் மடித்து வைத்திருந்த ஆங்கிலத் தாளை எடுத்துக்கொண்டேன். பக்கத்துத் தெரு வாத்தியார் வீட்டில் அகராதி கடன் வாங்கி, ஒரு வார்த்தைக்கு ஒரு நாழிகை என்று உட்கார்ந்து படித்தேன். மருந்துக் கடையில் கண்ணாடி சிரிஞ்சும் ஊசியும் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து கிளினிக் கம்பவுண்டர் வீட்டுக்கே வந்து போடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். இருந்தாலும் நான் வாழைக்காயில் குத்திக் குத்திப் பழகினேன். எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வு, காற்றுக் குமிழியை எப்படி வெளியே தள்ளுவது எல்லாம். வாழைக்காயைக் குழம்புக்கு நறுக்கும்போது உள்ளே தண்ணீர் இருப்பதைப் பார்த்து நீங்கள் கடைக்காரனைத் திட்டித் தீர்த்தீர்கள். நான் உண்மையைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆடி பிறந்தது. நான் பின்னறைக்குப் போனேன். மூன்றாம் நாள் காலை கம்பவுண்டர் வந்தார். மஞ்சள் வேட்டி, கழுத்தில் துளசி மாலை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க விரதம்! ஊரில் பாதி ஆண்கள் மாலை போடுகிற மாதம் அது; இது எப்படி என் புத்திக்குத் தோன்றாமல் போயிற்றோ தெரியவில்லை. வாசலிலேயே நின்று விசாரித்தவர், நான் பின்னறையில் இருப்பதைக் கேட்டதும் இரண்டடி பின்னால் போனார்.

"மால போட்டுகினு இருக்கேன்மா. தூரமான பொம்பளய எப்பிடிமா தொடுவேன்? நாளைக்கித் தலைக்கி ஊத்திகினா வந்து போடறேன்."

"நாளைக்கு வேணாம். இன்னிக்கித்தான்."

"முருகன் கோச்சிக்குவாரும்மா."

"முருகன் கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க போங்க" என்றேன்.

உங்கள் மகன் தறியை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். கம்பவுண்டர் போகிற திசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீங்கள் அடுக்களை வாசலில் இருந்தீர்கள். நானே குத்திக்கொள்வேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சிரிஞ்சைக் கொதிக்க வைக்க வேண்டும். அடுப்பு உங்களுடையது. நான் அதன் பக்கம் வரக்கூடாது. உங்களுக்கோ ஆவணி முகூர்த்தம் கையில் இருக்கிறது; ஒன்றும் செய்யாமல் நின்றாலே போதும், இந்த மாதமும் போய்விடும், நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

உங்களிடம் கெஞ்சுவதில்லை என்று இருந்தேன். சிரிஞ்சையும் ஊசியையும் பாத்திரத்தில் போட்டு வாசற்படிக்கு வெளியே வைத்தேன். "அத்தே, இது கொதிக்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் அதைப் பார்த்தீர்கள்.

"எவ்ளோ நேரம் கொதிக்கணும்?" என்று கேட்டீர்கள்.

"இருவது நிமிசம்."

முதலில் ஒரு சொம்புத் தண்ணீரை அந்தப் பாத்திரத்தின்மேல் ஊற்றித் தீட்டுக் கழித்தீர்கள். உங்கள் சாத்திரத்தில் ஒரு நூல் பிசகவில்லை! பிறகு எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் வைத்தீர்கள். ஆறியதும் கொண்டுவந்து, படிக்கு அந்தப் பக்கம் வைத்து, மூங்கில் கோலால் என் பக்கம் தள்ளினீர்கள். தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். போகவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றீர்கள்.

கண்ணாடிக் குப்பியின் கழுத்தை அரத்தால் கீறி உடைத்தேன். அதிலிருந்த தண்ணீரை உறிஞ்சி, இன்னொரு குப்பியிலிருந்த மருந்துப் பொடியில் விட்டுக் கரைத்து, திரும்ப உறிஞ்சினேன். தொடையில் ஸ்பிரிட் தேய்த்தேன். அதுவரை எல்லாம் சரி. ஊசியை எடுத்து நிமிர்த்தியதும் கை ஆட ஆரம்பித்தது. வாழைக்காய்க்கு வலிக்காது, என் தொடை என் தொடையல்லவா. இரண்டு தடவை கொண்டுபோய் இரண்டு தடவையும் நிறுத்திவிட்டேன்.

"இன்னாடி, வாய் இருக்கற அளவுக்குக் கை இல்லியா?" என்றீர்கள் நீங்கள், படிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று எழுதுவது! அந்தக் கோபத்திலேயே குத்தினேன். நேராக, ஒரே குத்து. மருந்தை மெதுவாகத் தள்ளினேன். வெளியே இழுத்துப் பஞ்சை அழுத்தினேன்.

"ரத்தம் வருதா?"

"இல்ல."

"ஆங். அப்ப சரி" என்று கோலை எடுத்துக்கொண்டு போனீர்கள். உங்கள் மகன் மறுபடி தறியில் இறங்கினார். பலகைச் சத்தம் கேட்டது. நான் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, சத்தம் வராமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஒன்பது வருஷத்தில் அப்படிச் சிரித்ததில்லை.

மறுநாள் நான் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகு கம்பவுண்டர் வந்தார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். பத்து நாளும் நானே போட்டுக்கொண்டேன். ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை. ஒரு நாள்கூடப் பாத்திரம் கொதிக்காமல் இருக்கவில்லை. கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் ஊரை அடைத்துக்கொண்டு நின்ற நாளில், அதில் புகுந்து வழி பிளந்துகொண்டு ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறி, கடைசி ஊசியையும் போட்டுக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதம் நான் பின்னறைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. போகவில்லை. நீங்கள் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். பத்து நாள், பதினைந்து நாள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் முதல் பஸ் பிடித்துப் பொதட்டூர்பேட்டைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினீர்கள். "அந்தப் பொண்ணுக்கு வேற எடம் பாக்கச் சொல்லிட்டேன். என் மருமவ குளிக்காம இருக்கான்னு சொன்னேன்" என்றீர்கள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

பெண் பிறந்தாள். மலைப்படி முழுவதும் ஏறிப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தீர்கள். தெருவெல்லாம், "என் வேண்டுதல முருகன் கேட்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை? யாரிடமும் இல்லை. என் தொடையில் பத்துத் தழும்பு. இதுவும் என் மனக்குறைப் பட்டியலில் இருக்கிறது.

அப்புறம் ஆறேழு வருஷம் கழித்து உங்களுக்குச் சர்க்கரை கூடிப்போய் இன்சுலின் என்றார்கள். தினம் ஒரு ஊசி. கம்பவுண்டரைக் கூப்பிடலாம் என்றார் உங்கள் மகன். "அவன் கை பாரம். வூட்லியே ஆள் இருக்குது" என்றீர்கள். முதல் நாள் ஊசிக்கு மருந்தை ஏற்றிவிட்டு நான் பின்னறை வாசலிலேயே நின்றேன். அன்றைக்கு எனக்கு மூன்றாம் நாள். அதைச் சொல்லாமல் விடுகிற ஆளா நான்?

"இன்னிக்கி எனக்கு மூணாம் நாள் அத்தே. நாளைக்கித் தலைக்கி ஊத்திகினு வந்து போடட்டுமா?"

நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். எழுந்தீர்கள். அந்தப் படியைத் தாண்டி உள்ளே வந்தீர்கள், நான் தூரமாயிருக்கிற நாளில் முதல் தடவையாக. என் பாயிலேயே உட்கார்ந்து கையை நீட்டினீர்கள்.

"வாய மூடிகினு போடுடி."

உங்கள் கையைப் பிடித்தேன். தோல் மெலிந்து, எலும்பு தெரிந்தது. என் கை ஆடவில்லை.

அதற்குப் பிறகு நம் வீட்டில் யாரும் அந்த அறையில் போய் உட்காரவில்லை. என் மகள் வளர்ந்தபோது அது விறகு போடுகிற அறையாகத்தான் அவளுக்குத் தெரியும். ஏன் அப்படி ஆயிற்று என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. நான் ஜெயித்ததால் ஆயிற்று என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் மகளிடம், பேத்தியிடம், கேட்கிற எல்லோரிடமும். நீங்கள் இருந்திருந்தால் இல்லை என்று சாதிப்பீர்கள். நானும் சீக்கிரம் வந்துவிடுவேன் அத்தை. அங்கே உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளலாம்.